வெறும் வெடி

முத்தரசு அநியாயங்களைச் சொல்லத் தொடங்கினால் வரிசை மாறாது. நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து வருவார்.

முதலாவது, மில் வாசலில் போலீஸ் சுட்டது. கூலி உயர்வு கேட்டு நின்றவர்களில் ஏழு பேர் விழுந்தார்கள்.

இரண்டாவது, பத்திரிகைகள் ஆறு பேர் என்று எழுதின. ஏழாவது ஆள் கழிவுப் பஞ்சு பொறுக்க வந்த தற்காலிகக் கூலிப் பெண். மில்லின் ஆள்கணக்கில் அவள் இல்லை. ஆகவே செத்த கணக்கிலும் இல்லை.

மூன்றாவது, அந்த இடத்தில் சங்கம் கல் நட்டது. ஆறு பெயர்களை வெட்டி, அடியில் ‘மற்றும் ஒருவர்’ என்று முடித்தது. கல்லுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களில் மட்டும் ஒன்றுகூட விடுபடவில்லை.

நான்காவது, அவள் பெயரையும் வெட்டச் சொல்லி முத்தரசு பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரித்து உயர்ந்தது அவருடைய சொந்தக் கை ஒன்றுதான்.

ஐந்தாவது, நினைவு நாள் மேடையில் அந்தப் பெயரைத் தானே சொல்லப் போனார். மைக் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்றார்கள். மேடை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

ஆறாவது, இனி அவருக்குப் பேச்சு கிடையாது என்று முடிவு செய்து, கையில் ஏர் கன்னைக் கொடுத்தார்கள்.

செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெடி என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். பட்டாளத்தில் செய்கிற மரியாதை. பட்டாளத்துத் துப்பாக்கி இவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? திருவிழாவில் பலூன் சுடுகிற ஏர் கன்தான் கிடைத்தது. செயலாளர் பெயரை வாசிப்பார், முத்தரசு வானத்தைப் பார்த்துக் குண்டில்லாமல் வெறும் வெடி வெடிப்பார். போன வருஷம் அதுவும் ‘புஸ்’ என்றது. கூட்டம் சிரித்தது.

“அது ஏழாவது” என்று முடித்தார்.

பாக்கியம் டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, “டீ ஆறிப் போச்சு அண்ணாச்சி” என்றார்.

பாக்கியம் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். அவர்களுடைய ஏர் கன்களைத் தன் வீட்டுப் பின்வாசலில் ஒரு மேஜை போட்டுப் பிரித்துச் சீர் செய்வார். முத்தரசைவிட இருபது வயது இளையவர். வாய் மட்டும் மூத்தது.

அவர் கொண்டுவந்திருந்த ஏர் கன்னைக் காட்டி, “இதைச் சரி செஞ்சு தரணுமா?” என்றார்.

“வேணாம். கத்துக் கொடுங்க. நானே செய்வேன். அடுத்தவன் கையில கொடுத்துக் கெட்டது போதும்.”

“என்ன கத்துக்கணும்?”

“ஆறு பேருக்கு அப்புறம் அவ பேரையும் சொல்லி, ஏழாவதா ஒரு வெடி போடப் போறேன். ஊரே திரும்பிப் பார்க்கணும். அவனுங்க கேக்கணும். அவனுங்க கேக்கிறதுக்கு நான் என்ன செய்யணும் டீச்சர்?”

டீச்சர் துப்பாக்கியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“ஏற்கெனவே ஏதோ செஞ்சிருக்கீங்க போல?”

முத்தரசுக்குக் கொஞ்சம் பெருமை. “ஸ்பிரிங்கை மாத்தினேன். பழைய இரும்புக் கடையில ஸ்கூட்டர் ஸ்பிரிங் ஒண்ணு கிடைச்சுது. நல்ல முரடு. உள்ள திணிக்கும்போது ஒரு தடவை எகிறி, சுவத்துல இருந்த தலைவர் படத்துக் கண்ணாடியை உடைச்சிருச்சு.”

“தலைவர் என்ன சொன்னார்?”

“டீச்சர்!”

“சரி, சரி. வேற?”

“குழாய்க்குப் பின்னால ஓட்டை இருக்குல்ல, அதுல தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அதுக்கப்புறம்தான் பாருங்க, சத்தம்!”

“பார்ப்போம். நினைவு நாள்ல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க.”

முத்தரசு வேப்பமரத்தடியில் போய் நின்றார். குழாயை மடக்கி நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார். பெயரைச் சொன்னார். கடைசி எழுத்து வாயை விட்டு வெளியே வருவதற்குள் விரல் இழுத்துவிட்டது. டமார் என்றது. குழாய் முனையில் நீலப் புகை. காகங்கள் மரத்தைக் காலி செய்தன.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் அந்தோணி கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடி வந்தார். எதிர்வீட்டு செசிலி மீன் கழுவிய கையோடு வந்தாள்.

“டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சா டீச்சர்?”

“இல்ல. அண்ணாச்சி ஒரு பேரு சொன்னார். உங்களுக்குக் கேட்டுதா?”

“எனக்குக் காதே ஙொய்ங்குது. பேரைக் கேக்குறீங்களே” என்றார் அந்தோணி.

“வெடிக்கு முன்னால ஏதோ கத்தினாரு” என்றாள் செசிலி. “நாயை விரட்டுறாருன்னு நினைச்சேன்.”

இருவரும் போய்விட்டார்கள். முத்தரசின் முகம் சிவந்திருந்தது.

“மேஜைக்கு வாங்க” என்றார் டீச்சர்.

துப்பாக்கியை மரக் கிடுக்கியில் இறுக்கிப் பூட்டி, ஸ்பிரிங் எகிறாமல் மெல்லத் தளர்த்தக் கற்றுக் கொடுத்தார். முத்தரசுக்கு அவசரம். ஒவ்வொரு திருகுக்கும் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று டீச்சர் அவர் மணிக்கட்டைத் தட்டினார். ஸ்கூட்டர் ஸ்பிரிங் வெளியே வந்தது. அதற்கு முன்னால் இருந்த பிஸ்டனை உருவினார்கள். அதன் தலையிலிருந்த தோல் வாஷர் நார் நாராகக் கிழிந்திருந்தது.

“பாருங்க.”

“பழசு. தேஞ்சிருச்சு.”

“தேயலை, அடிபட்டிருக்கு. குண்டு போட்டுச் சுட்டா, அது வெளிய போற வரைக்கும் காத்து அதுக்குப் பின்னால தேங்கி நிக்கும். பிஸ்டன் அந்த மெத்தையில போய் உக்காரும். நீங்க வருஷா வருஷம் வெறும் வெடில்லா வெடிச்சிருக்கீங்க? தள்ளுறதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. போய் இரும்புல மோதித் தன் தலையைத் தானே உடைச்சிக்கிட்டிருக்கு.”

முத்தரசு வாஷரை விரலில் தடவிப் பார்த்தார்.

“எண்ணெய் விட்ட பிறகு சத்தம் வந்துச்சே?”

“எண்ணெய் உள்ள பத்தி எரிஞ்ச சத்தம் அது. நீங்க இப்படியே விட்டுக்கிட்டிருந்தா ஸ்பிரிங்கும் துண்டாகும்.”

டீச்சர் பெட்டியிலிருந்து இந்தத் துப்பாக்கிக்கு உரிய அளவான ஸ்பிரிங்கை எடுத்தார். முரட்டு ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் அது நோஞ்சானாகத் தெரிந்தது. முத்தரசு முகத்தைச் சுளித்தார்.

“இது போதுமா?”

“போதும்.”

பெல்ட்டுத் தோலில் புது வாஷர் வெட்டச் சொன்னார். முதல் இரண்டும் கோணலாக வந்தன. மூன்றாவதை வெட்டும்போது முத்தரசு நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். அது வட்டமாக வந்தது.

ஸ்பிரிங்கைப் பிஸ்டனுக்குள் விட்டு ஆட்டினார் டீச்சர். கடகடவென்றது.

“இடைவெளி இருக்கு. வழுவழுன்னு ஒரு தகடு சுருட்டி உள்ள விடணும். உங்க வீட்டுல பழைய எக்ஸ்ரே பிலிம் ஏதாவது கிடக்கா?”

முத்தரசு எழுந்து போய், மறுநாள் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தோள்பட்டை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

“அன்னைக்கு மில் வாசல்ல வாங்கின அடி. கேசுக்குச் சாட்சியா வச்சிருந்தேன்.”

“கேஸ் என்னாச்சு?”

“அது எப்பவோ தள்ளுபடி.”

டீச்சர் கத்தரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தினார். “வேணாம்னா வேற தேடுவோம் அண்ணாச்சி.”

முத்தரசு கத்தரிக்கோலை எடுத்தார். வைத்தார். திரும்ப எடுத்தார்.

“சாட்சி போயிருமே டீச்சர்.”

“எலும்பு உங்ககிட்டதான இருக்கு?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெட்டினார். பாதி வெட்டும்போது சிரிப்பு நின்றது. ஆனால் கோடு விலகாமல் வெட்டி முடித்தார். பிலிமைச் சுருட்டிப் பிஸ்டனுக்குள் விட்டார். அதற்குள் ஸ்பிரிங்கை இறக்கினார். ஆட்டினார். கடகடப்பு இல்லை.

கிரீஸ் தடவும்போது கை நிறைய எடுத்தார். டீச்சர் அதில் பெரும்பகுதியை வழித்துத் திரும்பவும் டப்பாவில் போட்டார்.

முத்தரசு எல்லாவற்றையும் பூட்டி, குண்டு போட்டு, பழந்துணி அடைத்த மரப்பெட்டியைப் பார்த்துச் சுட்டார். ‘டொப்’ என்றது. மேஜையில் ஒரு புத்தகத்தைப் போட்டது போல. பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தின் நடுவில் சின்ன வட்டமாக ஓட்டை.

மரத்தில் காகங்கள் அசையவில்லை.

முத்தரசு துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

“என்ன டீச்சர் இது? மைக்கைப் புடுங்கினானுங்க. வாயைப் பூட்டினானுங்க. மிச்சம் இருந்தது இது ஒண்ணு. இதையும் ஊமையாக்கிட்டீங்களே.”

“நீங்கதான் செஞ்சீங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

“ஊர் சிரிக்கும்.”

“நானும் வர்றேன். பெட்டியைத் தூக்க ஆள் வேணும்ல?”

நினைவு நாளன்று டீச்சர் சொன்ன மாதிரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்லுக்குப் பின்னால் மில்லின் பழைய மதில். அதன் அடியில் பெட்டியை வைத்தார். வானத்தைப் பார்த்துச் சுட வேண்டாம், அதைப் பார்த்துச் சுடுங்கள் என்றார். செயலாளர் ஞானதிரவியம் பெட்டியைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, இந்த வருஷம் பலூன் கடை போட்டாச்சா?” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். முத்தரசு பல்லைக் கடித்துக்கொண்டார்.

செயலாளர் முதல் பெயரை வாசித்தார்.

டொப்.

“சுட்டாச்சா?” என்றது பின்வரிசை.

“சுட்டாச்சு போல.”

“எப்போ?”

இரண்டாவது பெயருக்கு அவர்கள் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினார்கள். மூன்றாவதற்கு ஒரு தாய் அழுகிற பிள்ளையின் வாயில் முந்தானையை வைத்தாள். நான்காவதற்கு எதிரே டீக்கடைக்காரர் பாட்டை அணைத்தார். ஐந்தாவது பெயர் மைக்கே தேவையில்லை என்பது போலத் தனியாகக் கேட்டது. ஆறாவது பெயருக்குப் பிறகு பெட்டியில் ஈயம் பதிகிற சத்தம்கூடக் கடைசி ஆள்வரை போனது.

ஆறும் முடிந்ததென்று முடிவு மேளம் அடிக்க மேளக்காரர் குச்சியை எடுத்தார். அந்த நேரத்தில் முத்தரசு மறுபடி குழாயை மடக்கினார். ஒரு குண்டை எடுத்து வைத்தார். நிமிர்த்தினார். அந்தச் சின்னக் ‘கிளிக்’கும் எல்லோருக்கும் கேட்டது.

மேளக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார்.

செயலாளர் முகம் மாறியது. “அண்ணாச்சி, ஆறும் ஆச்சு. இது யாருக்கு?”

முத்தரசு வாயைத் திறந்தார். மைக் அருகில் செயலாளர் நின்றார். மைக் எப்போது அணையும் என்று முத்தரசு அதையே பார்த்தார்.

“அதான, யாருக்கு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல்.

“சொல்லுங்க, யாருக்கு?” என்று இன்னொன்று.

முத்தரசு திரும்பி டீச்சரைப் பார்த்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“டீச்சர், நான் சொன்னா இவங்க கேப்பாங்களா?”

“கேட்டுட்டாங்களே, அண்ணாச்சி.”

முத்தரசு துப்பாக்கியின் முனையைத் தரைக்குத் தாழ்த்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். அவருக்குத் தெரியாத பெயர் இல்லை. இருந்தாலும் எழுத்தைப் பார்த்துத்தான் வாசித்தார். நிறுத்தி, நிதானமாக, கூட்டத்தைப் பார்த்து வாசித்தார்.

“கழிவுப் பஞ்சுப் பிரிவு, தற்காலிகக் கூலி, முப்பிடாதி.”