நெடுங்குளத்துத் தவளைகள்

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற இன்னாசிக்கு, இயற்கையின் சத்தங்களைப் பதிவு செய்யும் ஆசை அறுபது வயதுக்குமேல் வந்தது. கற்றுக்கொடுத்தவர் நாச்சம்மை. இன்னாசியைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் இன்னாசி அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

சாலை போடுவதற்காக நெடுங்குளத்தை மூடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. திங்கட்கிழமை மண் லாரிகள் வந்துவிடும். சனிக்கிழமை நல்ல மழை பெய்தது. அந்தக் குளத்துக்கு அதுதான் கடைசி மழை. இன்னாசி ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

தெருமுனைவரை கேட்ட தவளைச் சத்தம், கரையில் கால் வைத்ததும் நின்றுபோனது. சுற்றிச் சுற்றி வந்து மைக்கை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை நாச்சம்மையிடம் போய் நின்றார்.

“ஒரு மணி நேரம் பதிஞ்சேன் டீச்சர். ஒண்ணுமே இல்லை.”

நாச்சம்மை ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி, முழுவதையும் கேட்டார். இன்னாசிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இதைப் போய் எதுக்கு டீச்சர்? அழிச்சிடலாம்.”

“அழிக்காதீங்க. நல்லாவே பதிஞ்சிருக்கு.”

“என்ன பதிஞ்சிருக்கு?”

“நீங்க வந்தது.”

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இன்னிக்கு ஒரு சாயங்காலம்தான் பாக்கி.”

“போவோம். நானும் வர்றேன்.”

ஈரக்கரையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மைக்கை நட்டுவைத்துவிட்டு இன்னாசி கேட்டார்.

“போடட்டுமா?”

“இருங்க.”

கொசு பிடுங்கியது. கால் மரத்தது. வராத லாரிகள் இன்னாசியின் மனசுக்குள் உறுமிக்கொண்டே இருந்தன. வெளிச்சம் மங்கும் நேரத்தில், எதிர்க்கரையில் ஒரே ஒரு தவளை கத்திவிட்டு நிறுத்தியது. அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

“இப்போ?”

“இல்லை. நாம இன்னும் இருக்கோமான்னு பாக்குது.”

அவர் கையை இழுத்துக்கொண்டார். கோரைக்குள் இன்னொன்று கத்தியது. அதற்கு ஒன்று பதில் சொன்னது. பிறகு அமைதி. பிறகு பக்கத்திலேயே இரண்டு மூன்று. இன்னாசி ‘இப்போ?’ என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு தவளை அவர் பாதத்தின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கித் தண்ணீருக்குள் போனது. அவர் அசையவில்லை. குளம் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை அதிர்ந்துகொண்டிருந்தது.

நாச்சம்மை அவர் காதருகே குனிந்தார்.

“இப்போ போடுங்க. நம்மளை மறந்துடுச்சுங்க.”