ஷினோ காகத்தின் வெள்ளை உடுப்பு

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும், மனிதர்கள் பதில் சொல்வார்கள். ரொம்பப் பழைய காலம் என்று எண்ணிவிட வேண்டாம். ரயில் வந்தாயிற்று, கரண்ட் கம்பங்களும் நட்டாயிற்று. ஜப்பானில், தலைநகரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போகிற தூரத்தில் மிசுனோகி என்று ஒரு புறநகர். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் நேரே கடைத்தெரு. சோயாப் பால்கட்டி விற்கும் டோஃபு கடை, உருளைக்கிழங்கு கட்லெட் பொரித்து விற்கும் கறிக்கடை, நூடுல்ஸ் கடை, அதை ஒட்டி முராக்கோஷியின் சலவைக்கடை. தெரு முடிகிற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓர் ஆறு. நான் சொல்லப்போகிற அநியாயம் முழுக்க இந்த ஒரு தெருவுக்குள் நடந்ததுதான்.

அந்த நாட்டில் ஜூன் முதல் தேதி என்றால் உடுப்பு மாற்றும் நாள். மழை கொட்டினாலும் சரி, குளிர் நடுக்கினாலும் சரி, அன்று காலை கனத்த துணி பெட்டிக்குள் போய்விட வேண்டும், மெல்லிய துணி உடம்புக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், போலீஸ்காரர், ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவருக்கும் விலக்கு கிடையாது. நூடுல்ஸ் கடைக்காரர்கூட அன்றைக்குத்தான் "குளிர்ந்த நூடுல்ஸ் தொடங்கிவிட்டோம்" என்று எழுதிய துணிப் பதாகையை வாசலில் கட்டுவார். அக்டோபர் முதல் தேதி எல்லாம் மறுபடி தலைகீழாக மாறும். பறவைகளும் அப்படியே செய்தன. கோடை உடுப்பை அக்டோபரில் முராக்கோஷியிடம் கொடுத்தால், அவர் வெளுத்து, இஸ்திரி போட்டு, குளிர்காலம் முழுக்கக் கடையிலேயே மாட்டி வைத்திருப்பார். ஜூனில் டோக்கனைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஷினோ என்ற காகத்துக்கு இரண்டு உடுப்புகள். குளிருக்குக் கறுப்பு, கோடைக்கு வெள்ளை. ஆமாம், வெள்ளைதான். சிரிக்காதீர்கள். வெள்ளை உடுப்பில் ஷினோ பறந்தால் கறிக்கடையில் கட்லெட்டுக்கு வரிசையில் நிற்கிற பெண்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அழகுக்காக மட்டும் அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. அந்த வருஷம் அவள் கூடு இருந்தது மின்கம்பத்தின் உச்சியில். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த மரத்தை, இலை உதிர்ந்து குப்பையாகிறது என்று மொட்டையடித்து விட்டார்கள். கூடு கட்டக் கிளை வேண்டுமா என்று மரத்தில் குடியிருப்பவளை யார் கேட்டார்கள்? கம்பத்தில் ஓர் இலை நிழல் கிடையாது. கூட்டில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். வெயில் ஏறினால் தாய்தான் சிறகை விரித்துக் கூரையாக நிற்க வேண்டும், காலையிலிருந்து சாயங்காலம் வரை. வெள்ளை உடுப்பில் நிற்கலாம். அந்த ஊர்க் கோடையில் கறுப்பு உடுப்பில் நிற்பது அடுப்பில் போட்ட தோசைக்கல்லாக நிற்பது.

அதனால் ஜூன் முதல் தேதி கடை திறந்ததும் முதல் ஆளாக ஷினோ டோக்கனை நீட்டினாள்.

"முப்பத்தெட்டு" என்றாள்.

முராக்கோஷி கெட்டவர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது வயது, சுத்தமான வேலை, வாயைத் திறந்தால் மன்னிப்பு. நீராவி இஸ்திரி நாள் முழுக்கப் பக்கத்தில் 'புஸ்' என்று சீறிச் சீறிக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அவர் உள்ளே போனார். வந்தார். மறுபடி போனார். திரும்பி வந்து இடுப்பு வரை குனிந்தார்.

"ரொம்ப மன்னிக்கணும், ஷினோ சான். முப்பத்தெட்டாம் நம்பர் சீட்டு எந்தத் துணியிலயும் இல்லீங்க."

அங்கே பேருக்குப் பின்னால் 'சான்' என்று சேர்த்துச் சொல்வது மரியாதை. மரியாதைக்கு அந்தக் கடையில் என்றைக்கும் குறைவில்லை.

"அதோ தொங்குதே, அந்த வெள்ளை!" என்று ஷினோ மூக்கால் காட்டினாள். உள்ளே கம்பியில் அவளுடைய உடுப்பு பாலிதீன் உறைக்குள் பளிச்சென்று தொங்கியது. நீராவி பட்டு நம்பர் சீட்டு மட்டும் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது.

"அது சீட்டு இல்லாத துணிங்க. சீட்டு இல்லாத துணிய யாருதுன்னு தெரியாம எடுத்துக் கொடுக்கிறது எங்க கடை வழக்கமில்லை. மூணு நாள் வாசல்ல மாட்டி வைப்போம். வேற யாரும் கேட்டு வரலைன்னா உங்களுக்குத்தான்."

"என் டோக்கன் இதோ இருக்கே?"

"டோக்கன் இருக்கு. சீட்டு இல்லை. ரொம்ப மன்னிக்கணும்."

மறுபடி குனிந்தார். குனிகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? கத்தினால் நாம்தான் கெட்டவர் ஆகிவிடுகிறோம். ஷினோ பல்லைக் கடித்திருப்பாள், பல் இருந்திருந்தால்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் ஒரு கொக்கு நின்றது. அந்த ஊர்ப் பேச்சில் கொக்கை 'சகி' என்பார்கள். இவருக்குப் பெயரும் அதுவே. சகி அந்தக் காலத்தில் சேற்று நிறம். வருஷம் முழுக்க ஒரே உடுப்பு, ஆற்றில் நின்று நின்று அது சேற்றோடு சேறாகிவிட்டது. அன்று அதைத்தான் அலசித் தரச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கழுத்தை நீட்டி அந்த வெள்ளை உடுப்பை ஒரு தடவை பார்த்தார்.

முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் மழை. ஆற்றோரம் நீலப் பூப்பந்துகள் மலர்ந்துவிட்டன. ஊரே மெல்லிய உடுப்பில் நடமாடுகிறது, ஷினோ மட்டும் கறுப்பில். "என்னங்க, உங்களுக்கு இன்னும் குளிர்காலம் போகலையா?" என்று டோஃபு கடைக்காரர் கேலி செய்தார். அவள் மூன்றாம் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. காலையிலேயே குஞ்சுகள் வாயைப் பிளந்தன. ஷினோ புருஷனைக் கூட்டில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் பறந்தாள். உடுப்பு வாசலில் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டு ஒருவரும் வரவில்லை.

"கொடுங்க" என்றாள்.

முராக்கோஷி குனிந்தார். "மூணு நாள்னு சொன்னேன், வாஸ்தவம். நேத்து மழை இல்லீங்களா? மழையில உள்ள எடுத்து வச்சுட்டேன். வாசல்ல இருந்தது ரெண்டு நாள்தான் ஆகுது. இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கணும். ரொம்ப ரொம்ப மன்னிக்கணும்."

இதைக் கேட்டு எனக்கே ரத்தம் கொதிக்கிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! அவள் கையால், சரி, அலகால் கொடுத்த உடுப்பு. அவள் கண் முன்னால் தொங்குகிறது. டோக்கன் அவளிடம். சீட்டைத் தொலைத்தது அவர். அபராதம் மட்டும் அவளுக்கு!

ஷினோ தெரு நடுவுக்கு வந்தாள். கழுத்து மயிர் சிலிர்க்க, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"சகி! சகி! சகி!"

இங்கேதான் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஊர்ப் பேச்சில் சகி என்றால் கொக்கு என்றேன் அல்லவா? அதே சகிக்கு மோசடி என்றும் அர்த்தம். எழுத்துதான் வேறு வேறு, காதில் விழுவது ஒன்றே. அவள் கத்தியது "மோசடி! மோசடி! மோசடி!" என்று.

உள்ளே இஸ்திரி 'புஸ்' என்றது. முராக்கோஷி தலையைத் தூக்கினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! சகி சானுதா இது? ஷினோ சானே விட்டுக்கொடுத்துச் சொல்லிட்டாங்களே. எவ்வளவு பெரிய மனசு!"

அதற்குள் குஞ்சுகளின் கத்தல் கேட்டு ஷினோ கூட்டுக்குப் பறந்துவிட்டாள். அவர் புதுச் சீட்டில் 'சகி' என்று எழுதி உடுப்பில் குத்தினார். மூன்று நாளாகத் தலையில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே ஆற்றுக்குப் போனார்.

"சகி சான், உங்க உடுப்பு. தாமதத்துக்கு மன்னிக்கணும்."

கொக்கு பார்த்தது. 'இது என்னுடையது அல்ல.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? உடுப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும், வரிசையில் நின்று கேட்டவர்தானே.

"உங்களுக்குத்தான் சிரமம்" என்று சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை ஷினோ வந்தபோது வாசலில் வெறும் கம்பி ஹேங்கர் ஆடிக்கொண்டிருந்தது.

"என் உடுப்பு எங்கே?"

"சகி சான்கிட்ட சேர்த்துட்டேனுங்க! நீங்க சொன்ன மாதிரியே."

"நான் என்ன சொன்னேன்?"

"சகின்னு சொன்னீங்களே? மூணு தரம்?"

 என்ன நடந்தது என்று புரிந்ததும் ஷினோ சுற்றிலும் பார்த்தாள். டோஃபு கடைக்காரர் தலையாட்டினார். "ஆமா, நானும் கேட்டேனே, சகின்னுதான் சொன்னீங்க." கறிக்கடை அம்மாள் கட்லெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "தெருவே கேட்டுச்சுங்க" என்றாள். சாட்சிக்குக் குறைவில்லை. எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள், அதுதான் கொடுமை.

ஷினோ ஆற்றுக்குப் பறந்தாள். நடு ஆற்றில் சகி நின்றார், தலையிலிருந்து வால் வரை வெள்ளையாக. தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தை விட்டு அவர் கண் நகரவில்லை.

"கழட்டுங்க. அது என்னோடது. உங்களுக்கே தெரியும்."

சகி கழுத்தை வளைத்துத் தண்ணீரில் தன் முதுகைப் பார்த்தார்.

"என் கூட்டுல நிழல் கிடையாது. மூணு குஞ்சு இருக்கு. கழட்டுங்க!"

கொக்கு ஒரு காலை மடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் ஷினோவுக்குப் பொறுக்கவில்லை. அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

"சகி!"

"ம், நான்தான்" என்றார் சகி அமைதியாக. "சொல்லுங்க."

பாருங்கள் கொடுமையை! மோசடிக்காரனை மோசடி என்று திட்டலாம் என்றால், அதுவே அவன் பெயராக இருக்கிறது. திட்டினால் கூப்பிட்டதாக ஆகிறது. ஊரில் இருக்கிற அத்தனை வார்த்தையிலும் அவள் பக்கம் நிற்க வேண்டிய ஒரே வார்த்தை, எதிரியின் வீட்டு வாசற்பலகையாகத் தொங்குகிறது. நம் தமிழில் அதே சத்தத்துக்குப் 'பொறுத்துக்கொள்' என்று அர்த்தம். அதையும் அவளுக்குச் சொல்ல ஆள் இருந்தது.

"போனது போகட்டும், பொறுத்துக்கோங்க" என்றார் டோஃபு கடைக்காரர், அவள் தெருவுக்குத் திரும்பி வந்தபோது. "கறுப்பும் உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றாள் கறிக்கடை அம்மாள். முராக்கோஷி வாசலுக்கு வந்து, இதுவரை குனிந்ததிலேயே ஆழமாகக் குனிந்தார்.

"தப்பு நடந்துபோச்சுங்க. ஆனா சகி சான் உடுத்திட்டாரு. உடுத்தின துணிய ஒருத்தர் உடம்புல இருந்து கழட்டச் சொல்றது மரியாதையில்லை. அக்டோபர்ல உங்க கறுப்பு உடுப்புக்கு இஸ்திரி இலவசமாப் போட்டுத் தர்றேன்."

அக்டோபரில்! ஜூலையும் ஆகஸ்டும் நடுவில் கிடக்கின்றன. மின்கம்பத்தின் மேல் மூன்று குஞ்சுகள் கிடக்கின்றன. அவளுக்கு இஸ்திரி இலவசமாம்!

ஷினோ வாசலுக்குத் தாவினாள். எட்டி, வாசலில் ஆடிக்கொண்டிருந்த வெறும் ஹேங்கரை அலகால் கொத்திக் கழற்றினாள்.

"ஐயோ, ஷினோ சான்!" முராக்கோஷி பதறினார். குனிந்துகொண்டே இருந்த மனிதர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அது கடையோடதுங்க!"

ஷினோ ஹேங்கரைக் காலடியில் வைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"என் உடுப்பு யாருதுன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு நாலு நாள் பத்தலை. இந்தக் கம்பி யாருதுன்னு மட்டும் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு."

  ஒரு காகம் மனிதர்களிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வார்த்தை தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, இனி வார்த்தையே வேண்டாம் என்று அவள் முடிவு கட்டினாள். தெரு முனையில் திரும்பிப் பார்த்து "கா!" என்று ஒரு கத்தல் போட்டாள். அதை யார் பெயராகவும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஹேங்கரை வளைத்துக் கூட்டின் விளிம்பில் செருகினாள். கிளையைவிட அது உறுதியாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரு மாடி வராந்தாவிலிருந்து இன்னொன்று எடுத்தாள், அதற்கு மறுநாள் இன்னொன்று. ஜூலை வந்தது. கடைத்தெருவில் காற்றில் கிணுகிணுக்கும் கண்ணாடி மணிகள் கட்டினார்கள், கலர் ஐஸ் விற்றார்கள், எல்லோரும் விசிறியோடு நடந்தார்கள். கம்பத்தின் உச்சியில், கொளுத்துகிற வெயிலில், ஷினோ கறுப்புச் சிறகை விரித்து, அலகைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஒரு நாள்கூட நகரவில்லை. மூன்று குஞ்சுகளும் பிழைத்துப் பறந்தன. மூன்றும் கறுப்பாகவே பறந்தன.

அன்று முதல்தான் அந்த நாட்டில் காகம் உடுப்பு மாற்றுவதை விட்டது, பேசுவதையும் விட்டது. கொக்கு மட்டும் வெள்ளையாக, யார் முகத்தையும் பார்க்காமல் ஆற்றில் ஒற்றைக் காலில் நிற்கிறது. இன்றைக்கும் வசந்தம் வந்தால் காகங்கள் மாடி மாடியாகப் போய்த் துணியைக் கீழே தள்ளிவிட்டு ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு போகின்றன. வராந்தாவில் நிற்கிறவர்கள் கையை ஓங்கி "திருடி, திருடி" என்று கத்துகிறார்கள், ஆற்றங்கரைக்குப் போனால் கொக்கை நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள்.