பச்சை விளக்கின் வயர்

பாம்பன் துறையில் விசைப்படகுகள் புறப்பட முக்கால் மணி நேரம்தான் இருந்தது. துறையை ஒட்டிய கடையில், அருளப்பன் செய்த கருவியை ஆக்னஸ் இன்னும் தன் கையிலிருந்து கொடுக்கவில்லை.

அருளப்பன் இருபது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். தன்னைவிடப் பத்து வயது இளையவளான ஆக்னஸிடம், கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, படகு நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி செய்யக் கற்றுக்கொண்டான். எல்லாம் தம்பி மிக்கேலுக்காக. போன வருடம் எல்லை தெரியாமல் இலங்கைப் பக்கம் போய், ஏழு மாதம் சிறையில் கிடந்தவன் அவன். இன்று மறுபடி கடலுக்குப் போகிறான், அண்ணன் செய்த கருவியை நம்பி.

"பச்சை விளக்குக்கு வயர் எங்கேயிருந்து வருதுண்ணே?"

"பேட்டரியிலேர்ந்து, டீச்சர்."

"மாட்யூல்லயே அதுக்கு ஒரு பின் இருக்கே. அதுல கொடுத்தா, சாட்டிலைட் சிக்னல் கிடைச்சாத்தான் விளக்கு துடிக்கும்."

"முதல்ல அதுலதான் கொடுத்தேன். சிக்னல் போனா லைட் அணையுது. கெட்டுப்போச்சுன்னு படகுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. பேட்டரியில கொடுத்தேன், ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை வழிந்தது.

ஆக்னஸ் தன் எவர்சில்வர் டிபன் பாக்ஸை, சிக்னல் புகாதபடி ஆன்டெனா மேல் கவிழ்த்து, ரப்பர் பேண்டு போட்டு, கருவியை அவன் கையில் கொடுத்தாள்.

"திரையை மட்டும் பார்த்துக்கிட்டு நடங்க. தலையைத் தூக்கக் கூடாது."

நடந்தான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"எங்கே நிக்கிறீங்க?"

"கடை வாசல்லன்னு காட்டுது. எண் மாறவே இல்லை."

"பச்சை?"

"எரியுது."

"அப்ப நடங்க."

இன்னும் இருபது அடி. அவனுக்கு வியர்த்தது. எங்கோ கீழே தண்ணீர் அடிக்கும் சத்தம்.

"பச்சை?"

"எரியுது டீச்சர்..."

சட்டைக் காலரை அவள் பிடித்து இழுத்தாள். தலையைத் தூக்கினான். ஒரு கால் படகுத்துறை மரப்பாலத்தின் கடைசிப் பலகையில் இருந்தது. இன்னொன்றுக்குக் கீழே வெறும் கடல்.

நடுக்கடலில் மிக்கேல் இதே பச்சையை நம்பி எல்லை தாண்டுவதை நினைத்தான்.

கடைக்கு ஓடினான். பேட்டரிக்குப் போன வயரை வெட்டினான், விளக்கை மாட்யூலின் பின்னில் பற்றவைத்தான். டிபன் பாக்ஸ் மூடியிருந்தவரை விளக்கு எரியவில்லை. எடுத்தான். எத்தனை நேரமோ ஆனது. பிறகு பச்சை துடித்தது.

படகில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மிக்கேல் கருவியை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தான்.

"என்னண்ணே, விட்டு விட்டு எரியுது? சரியில்லையா?"

அருளப்பன் டீச்சர் பக்கம் திரும்பினான்.

"நடுக்கடல்ல இது அணைஞ்சுட்டா இவன் என்ன பண்ணுவான் டீச்சர்?"

"இன்ஜினை நிறுத்திட்டு, தலையைத் தூக்கிப் பார்ப்பாருண்ணே."