வெற்றிடத்தில் எரிந்த கம்பி

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆய்வு வழிகாட்டி மங்கையர்க்கரசிக்கு நாற்பத்தொன்று. அவர் "மேடம்" என்பார், இவர் "சார்" என்பார். யார் குரு, யார் சீடர் என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

தேவசகாயம் பாலிடெக்னிக் ஆசிரியர் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு ஆய்வுக்கு வந்த மனுஷன். வருகிற திங்கட்கிழமை திரும்பிப் போயாக வேண்டும். ஐந்து வருடம் ஓடிவிட்டது, கையில் ஒன்றுமில்லை.

அவருடைய சோதனை இதுதான்: காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் குழாய்க்குள் துகள்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். எதுவும் தொடாவிட்டால் ஒரே துகள் நடுவிலுள்ள தகட்டின் இரண்டு பிளவு வழியாகவும் அலையாகப் போகும். துகள்கள் சேரச் சேரத் திரையில் கோடுகள் தெரியும். மிச்சமிருக்கும் காற்று லேசாக இடித்தாலும் போச்சு. கடுகு மாதிரி ஏதோ ஒரு பிளவில் புகுந்து வந்து விழும். தேவசகாயத்தின் திரையில் என்றைக்கும் வெறும் மங்கல்தான்.

அன்றைக்கும் அதேதான்.

"எங்கிருந்து மேடம் காத்து வருது? ஒவ்வொரு நட்டும் என் கையால முறுக்கினேன்."

மங்கையர்க்கரசி அறை விளக்கை அணைத்தார். குழாயின் கண்ணாடிச் சாளரத்துக்குள் ஒரு கம்பி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அது என்ன சார்?"

"கேஜ் மேடம். உள்ள எவ்வளவு காத்து மிச்சம் இருக்குன்னு காட்டும்."

"எப்பப் போட்டீங்க?"

"முதல் நாளே. அணைச்சதே இல்ல. வெற்றிடம் நல்லா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கணுமே!"

சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. எரிகிற கம்பியின் சூடு, சுற்றியுள்ள எஃகில் ஒட்டியிருக்கும் காற்றைக் கசியவிடும். அதை அவரே வகுப்பில் நடத்தியிருக்கிறார். கேஜ் காட்டிய எண்ணைப் பார்த்து, பம்பால் முடிந்தது இவ்வளவுதான் என்று நம்பியிருந்தார்.

"எடுத்த அளவுகளைக் கணக்குப் போட்டுச் சரி பண்ண முடியாதா? கோடு அதுக்குள்ள எங்கயாவது இருக்குமே?"

"இடிச்ச காத்தோட போயிடுச்சு சார். பம்ப் வழியா, மொட்டை மாடிக்கு, தெருவுக்கு. எங்கன்னு போய்ப் பிடிப்பீங்க?"

தேவசகாயம் அழுதார். மறைக்கத் தோன்றவில்லை.

மங்கையர்க்கரசி கேஜை அணைத்தார். சிவப்பும் போய்விட்டது.

"எஃகு சுத்தமாக மூணு மாசம் ஆகும் சார்."

"எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும்தான்."

"தெரியும்."

"இனிமே வெற்றிடம் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கறது?"

"பார்க்க முடியாது."

இருட்டில் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. தேவசகாயம் மெதுவாகக் கேட்டார்: "இதே குழாய்லதானே உங்களுக்குக் கோடு வந்தது, மேடம்?"



"பதினோரு வருஷத்துக்கு முன்னால ஒரே ஒரு நாள் வந்தது சார். அன்னிக்குத்தான் பார்த்தேன், கேஜ் கம்பி எப்பவோ அறுந்துபோயிருந்தது. பயந்துபோய் மறுநாளே புதுசு மாட்டிட்டேன்."