பச்சை என்று நால்வர், சிவப்பு என்று ஒருவன்

தீர்ப்புச் சொல்ல நாக்கு துறுதுறுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறக்கலாம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே வேதியியல் எடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். பாடம் நடத்துவதில் புலி. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருவன்கூடத் தோற்கக் கூடாது என்று உயிரை விடுவார். அந்த உயிரை வாங்கவென்றே வந்து வாய்த்தவன் வேல்மயில். உட்கார் என்றால் நிற்பான், எழுது என்றால் ஜன்னலைப் பார்ப்பான். ஒரு தடவை சோதனைக் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "உடையுமான்னு பாத்தேன் டீச்சர்" என்றான். படிப்பை விட்டுவிட்டுப் புரோட்டாக் கடையில் போய்ச் சேர்ந்தவனை, கடை வாசலில் கால்கடுக்க நின்று, "போய்த் தொலைலே, யாவாரம் கெடுது" என்று கடைக்காரரே அவனை விரட்டுகிற அளவுக்குப் பிடிவாதம் பிடித்துத் திரும்ப இழுத்து வந்தவர் டீச்சர்தான்.

எழுத்துத் தேர்வில் அவன் தட்டுத்தடுமாறித்தான் கரையேறுவான். பிராக்டிகல் மதிப்பெண் கைகொடுத்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் லாரிப் பட்டறைதான் என்று அவன் அப்பா முடிவே கட்டியிருந்தார்.

அந்தப் பள்ளியில் பிராக்டிகல் அன்று ஒரு வழக்கம் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். ஏதோ ஓர் உப்பைக் கொடுத்து, சோதித்துப் பார்த்து இன்னதென்று எழுதச் சொல்வதுதான் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து, டீச்சரே மேசை மேசையாகப் போய் உப்பின் பெயரைக் காதில் போட்டுவிடுவார். ஜெசிந்தா டீச்சரும் போட்டார். பிள்ளைகள் மேல் வைத்த பாசம் கண்ணை மறைத்தது, வேறென்ன!

கடைசி மேசையில் ஐந்து பேருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து உப்பு. "பேரியம்" என்று ஐந்து காதிலும் விழுந்தது. பேரியம் உப்பைத் தீயில் காட்டினால் சுடர் பச்சையாக எரியும். இது மனப்பாடமாக எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் முதல் மாணவன் கோகுலனும் மற்ற மூவரும் பர்னரைப் பற்ற வைக்காமலே, 'சுடரில் காட்டினேன், பச்சை தெரிந்தது' என்று மணிமணியாக எழுதி நீட்டினார்கள். வேல்மயில் மட்டும் உப்பைச் சுடரில் காட்டினான். 'சிவப்பு தெரிந்தது, ஆகவே ஸ்ட்ரான்சியம்' என்று எழுதிக் கொடுத்தான்.

தேர்வாளர் நமச்சிவாயம் வந்து ஐந்து தாளையும் புரட்டினார். முகம் கடுத்தது.

"மேடம், நாலு பேரு பச்சைங்கானுவ. இவன் ஒருத்தன் சிவப்புங்கான். சோதனையே செய்யாம எழுதியிருக்கான் பாருங்க. இவனுக்கு முட்டைதான். மதியம் அடுத்த பேட்ச்சுக்கும் இந்த பாட்டில்தான் வைக்கணும், சட்டுனு முடிங்க."

"நான் பாத்தேன் சார். சிவப்புதான்" என்றான் வேல்மயில்.

டீச்சருக்கு முதலில் வந்தது கோபம். சொன்னதை எழுதித் தொலைத்தால் என்ன, பாவிப்பயலே! அதட்டப் போனவர் பாட்டிலைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் பட்டு லேபிள் உரிந்துபோன இரண்டு பாட்டில்களுக்கு நேற்று அவசர அவசரமாகப் புது லேபிள் ஒட்டியவர் அவரேதான். ஒன்றில் பேரியம், இன்னொன்றில் ஸ்ட்ரான்சியம், இரண்டுமே வெள்ளை உப்பு. மாற்றி ஒட்டியிருக்கிறார்!

இதைச் சொன்னால், நால்வரும் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது அம்பலமாகும். காதில் ஓதியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். சொல்லாவிட்டால் வேல்மயில் பட்டறைக்குப் போவான். 

நமச்சிவாயம் சீறினார். "அப்போ இந்த நாலு பேரும் பொய் சொல்லுதானுவளாலே?"

வேல்மயில் அந்த நால்வரையும் பார்த்தான். கோகுலன் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த பயம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இல்ல சார். நான்தான் பாக்காம எழுதிட்டேன்."

அவ்வளவுதான், வம்பு தீர்ந்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். ஆனால் அவர் நேரே போய் பர்னரைப் பற்ற வைத்தார். கண்ணாடிக் குச்சியில் அந்த உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினார். செக்கச்செவேல் என்று எரிந்தது.

"லேபிளை மாத்தி ஒட்டினது நான் சார். பேரைக் காதுல சொன்னதும் நான்தான்." என்றார்.

கோகுலனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொன்னதத்தான டீச்சர் எழுதுனேன்! வருசம் பூரா உங்க பேச்சத் தட்டுனதே இல்லியே. என்னைய ஏன் மாட்டி விடுதீங்க?"

இப்போது சொல்லுங்கள். நால்வரைக் காப்பாற்றப் பொய் சொன்னான் வேல்மயில். நால்வரும் சிக்குவார்கள் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னார் டீச்சர். டீச்சர் சொல்லைத் தட்டாமல் எழுதினான் கோகுலன். இந்த மூவரில் கடைசியில் யார் செய்தது சரி?

விடை: டீச்சர் செய்ததுதான் சரி. கோகுலனுக்கு அவர் சொன்னது உப்பின் பெயரை மட்டும்தான். பச்சையைக் கண்ணால் கண்டதாக எழுதியது அவன் சொந்தச் சரக்கு. வேல்மயிலுக்குப் பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய் நின்றிருந்தால், அந்த பாட்டில் அப்படியே மதியத்துக்கும் போயிருக்கும். வருகிறவர்களில் எவன் ஒழுங்காகச் சோதிக்கிறானோ அவனுக்குத்தான் முட்டை விழும். அதற்காக டீச்சரின் பழைய தப்பு கழுவிப் போய்விடாது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டார். நால்வரும் வேறு உப்பை வாங்கி, நமச்சிவாயத்தின் கண்ணெதிரே வியர்க்க விறுவிறுக்க மறுபடி செய்தார்கள். வேல்மயில் தேறினான். வெளியே வந்ததும் டீச்சர் அவனைப் பிடித்து நிறுத்தி, "அது சரி, நான் காதுல சொன்னத நீ ஏம்ல எழுதல?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லி நான் என்னைக்கு டீச்சர் கேட்டிருக்கேன்?" என்றான்.