தெற்கு பார்த்த முருகன்

ராஜபாளையத்தில் வீடு கட்டி விற்கும் கனகசபாபதிக்கு, தான் கட்டிய வீட்டைக் குறை சொன்னால் ஆகாது. தபால்காரர் சிவனாண்டி அவரிடம் ஒரு புது வீடு வாங்கப் போனார். வீட்டைப் பார்த்துச் சொல்ல எங்கள் தெருச் சித்தாள் தவமணியைக் கூட்டிப் போனார்.

கனகசபாபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கலவை குழைக்கத்தானே தெரியும்? சரி, பாரு. ஆனா சுவத்துல ஒரு விரல்கூடப் படக் கூடாது. அப்படியும் குறை கண்டுபிடிச்சா, நானே என் கையால பூசித் தர்றேன்."

தவமணி தன் வேலைக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். சமையலறையில் ஒரு பெரிய முருகன் படம் தொங்கியது. அதன் முன் நின்றாள்.

"யாரும் குடிவராத வீட்டுல சாமி படம் மாட்டியிருக்கீங்க, சந்தோசம். ஆனா தெற்கு பார்த்துல்ல மாட்டியிருக்கு? இப்படி இருந்தா அண்ணன் இங்க பால் காய்ச்ச மாட்டாரே."

"ஆமா, மாட்டேன்" என்றார் சிவனாண்டி.

அந்தப் படத்தை அங்கே ஏன் மாட்டினாய் என்று கனகசபாபதி தன் மேஸ்திரியை ஒருநாளும் கேட்டதில்லை. வியாபாரம் கெட்டுவிடுமே என்று அவரே படத்தைக் கழற்றினார். பின்னால் முறம் அகலத்துக்குச் சுவர் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. பூச்சு பொலபொலவென்று அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது.

"நான் தொடலைங்க" என்றாள் தவமணி. அப்போதுதான் கைகளைப் பிரித்தாள். வாசலில் இருந்த கூடையிலிருந்து பூச்சுக் கரண்டியை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க பூசுங்க. கலவை நான் குழைச்சுத் தர்றேன். எனக்கு அதுதானே தெரியும்."