இரண்டு நாற்காலி மிஷின்

“ஸ்வெட்டர் பின்ன எந்த மிஷின் வாங்கலாம்? நீங்கதான் சொல்லணும், டீச்சர்.”

கேட்டுவிட்டுச் சின்னப்பன் காத்திருந்தார்.

டீச்சர் மிஷினை ஓட்டிக்கொண்டே வரிசை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணும்போது ஜெசிந்தா டீச்சரிடம் யாரும் பேசக் கூடாது. கோத்தகிரியில் அந்தப் பின்னல் பயிற்சிக்கூடத்துக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். சின்னப்பனுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஹாரன் அடித்தால் எதிரே வருகிறவன் ஒதுங்கித்தான் பழக்கம்.

“டீச்சர்!”

“நாப்பத்தெட்டு,” என்றாள் ஜெசிந்தா. அவள் கை நின்றது. “யாருக்கு?”

அவளுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ஆனால் ஊரே டீச்சர் என்று கூப்பிடும்போது இவர் மட்டும் பேர் சொல்லியா கூப்பிடுவார்?

“என் சம்சாரத்துக்குங்க.”

“அவங்களுக்குப் பின்னத் தெரியுமா?”

சின்னப்பனுக்குச் சுருக்கென்றது. அருளாயிக்குப் பின்னத் தெரியுமா என்று ஒரு கேள்வியா! இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் நடுங்காமல் பள்ளிக்கூடம் போனதே அவள் பின்னிய ஸ்வெட்டரில்தான். இரண்டு ஊசியும் ஒரு பந்து உல்லன் நூலும் இருந்தால் போதும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை பின்னிக்கொண்டிருக்கும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. ஊசிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அவள் அவரிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை.

இதையெல்லாம் அவர் ஜெசிந்தாவிடம் சொன்னார்.

“அதனாலதாங்க கேக்கறேன். பட்டனைத் தட்டுனா தானாப் பின்னுற மிஷின் இருக்காமே. அதை வாங்கி அவ முன்னால வெச்சுட்டா, ஸ்வெட்டர் வர்றதைப் பாத்துக்கிட்டாவது உக்காந்திருப்பா. அவ பழையபடி ஆகணும், டீச்சர். அந்த மூஞ்சியை என்னால பாக்க முடியல.”

“நீங்க நல்லாப் பாத்துக்கறீங்களா?”

அதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“ஒரு டம்ளரைக்கூட அவளைத் தூக்க விடறதில்லீங்க. டீ, தண்ணி எதுன்னாலும் நானே வாயில வெச்சுக் குடுத்துருவேன். தலைகூட நான்தான் வாரி விடறேன்.”

ஜெசிந்தா எழுந்து போனாள். ஒரு டம்ளரில் டீயோடு வந்தாள். ஊதி ஆற்றினாள். நேராகச் சின்னப்பன் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பின்னிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“என்னங்க டீச்சர் இது! நானே குடிச்சுக்கறேன்.”

“பரவால்லங்கண்ணா. வாயைத் தொறங்க.”

“எனக்குக் கையில என்ன கேடு?”

டீச்சர் டம்ளரை மேஜையில் வைத்தாள். தன் மிஷினுக்குத் திரும்பினாள்.

“நாப்பத்தொம்பது,” என்றாள்.

சின்னப்பன் டீயைத் தொடாமல் வெளியே வந்துவிட்டார். வழி நெடுகப் பொருமினார். மிஷினைப் பற்றிக் கேட்டால் டீயை ஊட்டுகிறாள். இவளைப் போய் டீச்சர் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களே!

வீட்டுக்கு வந்து டீ போட்டார். வழக்கம்போல டம்ளரை அருளாயி வாயருகே கொண்டுபோனார்.

அவள் வாயைத் திறந்தாள். அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே திறந்தாள்.

எட்டு மாதமாக அப்படித்தான் திறக்கிறாள். அன்றைக்குத்தான் அது அவர் கண்ணில் பட்டது.

டம்ளரை அவளுடைய இடது கைப்பக்கம் வைத்தார்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நல்ல கைதான், ஆனால் அது மடியிலேயே கிடந்தது. டீ ஆறி ஏடு படிந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி சுடவைத்து எடுத்துவந்து, தானே ஊட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் பயிற்சிக்கூடத்து வாசலில் நின்றார். இந்த முறை டீச்சர் எண்ணி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

“ஊட்டாம இருக்க என்னால முடியலீங்க, டீச்சர்.” குரல் உடைந்துவிட்டது. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட உடையாத குரல்.

ஜெசிந்தா மிஷினை விட்டு எழுந்தாள்.

“ஞாயித்துக்கிழமை மிஷின் வரும். ஒரு வாரம் வெச்சிருந்து பாருங்க.”

“எந்த மிஷினுங்க?”

“உங்களுக்குக் கை எட்டாதது.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆட்டோவில் மிஷின் வந்தது. டீச்சரும் வந்தாள். பட்டன் கிடையாது, கரண்ட் கிடையாது. கை மிஷின். சாப்பாட்டு மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடைத்துக்கொண்டது. நீளத்துக்கு ஊசிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் மேல் கைப்பிடி வைத்த ஒரு வண்டி. வண்டியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தள்ளினால் ஒரு வரிசை பின்னி முடியும்.

ஜெசிந்தா நூலைக் கோத்தாள். ஊசி அத்தனையிலும் நூலை வளைத்துக் கண்ணி ஏற்றி, நின்றபடியே நகர்ந்து நகர்ந்து பத்து வரிசை ஓட்டிக் காட்டினாள். வண்டியை இடது கோடியில் நிறுத்தினாள். பிறகு மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“ரெண்டு எதுக்குங்க? ஓட்டப்போறது நான் ஒருத்தன்தானே?”

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்கண்ணா. வரிசையை ஆரம்பிச்சுட்டா வண்டியை நடுவுல திருப்பக் கூடாது. கண்ணியெல்லாம் சிக்கிக்கும்.”

அது அவருக்கு உடனே புரிந்தது. வளைவில் பாதி ஏறிய பஸ்ஸை எந்த டிரைவர் பின்னால் எடுப்பான்?

“வரேங்க்கா,” என்று அருளாயியிடம் சொல்லிக்கொண்டு டீச்சர் போய்விட்டாள்.

வேடிக்கை பார்க்கட்டும் என்று சின்னப்பன் அருளாயியை இடது நாற்காலியில் உட்காரவைத்தார். அவளுக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி வண்டியைத் தள்ளினார். பாதி தூரம் போவதற்குள் அவருடைய முழங்கை அவள் காதில் இடித்தது.

“ஐயோ, பட்டுருச்சா?”

வண்டி நடுவில் நின்றது. பின்னால் இழுக்கப் போனவர், டீச்சர் சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார். சுற்றி வந்து வலது நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து மீதியை இழுத்தார். வண்டி கரகரவென்று வந்து சேர்ந்தது. ஒரு வரிசைக்கே அவருக்கு வேர்த்துவிட்டது.

“கண்ணி ஒண்ணு விழுந்துருச்சு,” என்றாள் அருளாயி.

அவர் திரும்பினார். அவள் சுவரைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க?”

“நடுவுல நிறுத்துனீங்கல்ல. அங்கதான்.”

மடியில் கிடந்த இடது கை எழுந்தது. டீச்சர் வைத்துவிட்டுப் போன சின்னக் கொக்கியைத் தேடி எடுத்தது. கொக்கி வழுக்கியது. விழுந்த கண்ணி இன்னும் ஒரு வரிசை கீழே இறங்கியது. அவள் உதட்டைக் கடித்தாள். மறுபடியும் வழுக்கியது.

உதவிக்குப் பாயத் துடித்த தன் இரண்டு கைகளையும் சின்னப்பன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் அத்தனை கஷ்டமான காரியத்தை அவர் செய்ததில்லை.

நான்காம் தடவை கண்ணி கொக்கியில் மாட்டியது. அதை ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றி, ஊசியில் போட்டாள் அருளாயி. அதன் பிறகே அவளுக்கு மூச்சு வந்தது. அவருக்கும்.

“ம்,” என்றாள்.

அவர் வலது கோடியிலிருந்து வண்டியைத் தள்ளினார். நடுவரைக்கும் போயிற்று. அதற்கு மேல் கை எட்டவில்லை.

எட்டாவிட்டால் என்ன செய்வார்? எட்டு மாதமாக எதைச் செய்தாரோ அதைத்தான். எழுந்து அவள் பக்கம் போகப் பார்த்தார்.

“உக்காருங்க.”

அவளுடைய இடது கை அதற்குள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தது.

“இந்தப் பாதி என்னோடது.”